பழைய விரிப்பும் புதிய சட்டையும்

(கெடா மாநிலம், திகாம் பத்து வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய திட்டம் எதுவுமன்று. ஒவ்வொரு வீட்டிலும் அலமாரியின் அடித்தட்டில் மடிந்து கிடக்கும் பழைய படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு, சாயம் மங்கிய கைலி, தூளி கட்டி அவிழ்த்த நூற்புடவை ஆகியவற்றிலிருந்து உடலுக்கு இலேசான உடைகளைத் தைத்துக்கொள்வது எப்படி என்பதே பொருள். இதைப் பெண்களுக்கு மட்டும் உரிய பேச்சென்று எண்ணி ஆண்கள் எழுந்து போக வேண்டா. சுங்கைப் பட்டாணி கடைத்தெருவில் தையற்கடை வைத்துப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்களே.

இதை இப்பொழுது பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் வடபகுதியில் ஆண்டுத் தொடக்கத்து மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கிறது. புதுத்தளிர் விட்டு முற்றும் வரை பால் குறைகிறது. வெட்டு நாள் குறைகிறது. கைக்கு வரும் வெள்ளியும் குறைகிறது. அதே மாதங்களில்தான் பள்ளி, நோன்பு, திருவிழா என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கெடாவின் கொடிய வெயிலும் அப்போதுதான். நமக்கு வடக்கே அண்டை மாநிலமான பெர்லிசில், சூப்பிங் என்னுமிடத்தில், 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் வெப்பம் 40.1 பாகை செல்சியசைத் தொட்டது. காசு இல்லாத மாதமும் கனத்த உடை உடுத்த முடியாத மாதமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆனால் அந்த மாதங்களில் நம் கையில் சற்று நேரம் மிஞ்சுகிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்தும் வழியைத்தான் சொல்ல வந்தோம்.

துணி என்பது இந்நாட்டில் எளிதிற் கிடைத்த பொருளாக என்றும் இருந்ததில்லை. பழங்காலத்தில் கடாரம் என்று பெயர் பெற்ற இந்தக் கெடாவிற்கு நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து கப்பலேறி வந்த சரக்குகளில் தலையாயது துணியே. மலாய்க்காரச் சகோதரர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குப் பெலிக்காட் என்னும் பெயர் வந்தது நம் பழவேற்காட்டிலிருந்துதான். பழவேற்காடு என்பதை ஐரோப்பிய வணிகர் புலிகாட் என்றனர். அது இங்கே பெலிக்காட் ஆயிற்று. நம்மில் பலர் இடுப்பில் ஒரு தமிழ்த் துறைமுகத்தின் பெயரைக் கட்டிக்கொண்டு அதை அறியாமலே நடமாடுகிறோம்!

கப்பல் நின்றபோது என்ன நேர்ந்தது என்பதை நம் பாட்டன் பாட்டிமார் பட்டறிந்தனர். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அன்றே சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டுத் துணி வரவில்லை. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் கெடா மாநிலம் சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது; ஆட்சி மாறியதேயன்றித் துணிப்பஞ்சம் மாறவில்லை. தோட்ட மக்கள் கோணிச் சாக்கை வெட்டிக் கழுத்துக்கும் கைக்கும் துளையிட்டு அணிந்தனர். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட நம்மவர் பலர் இடுப்பில் சாக்குத் துணியோடு மழையிலும் சேற்றிலும் நின்றனர். அக்காலத்தில் ஒரு வீட்டில் நல்ல படுக்கை விரிப்பு ஒன்று இருந்தால் அது செல்வம். அதை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டையாக்கிய தாய் அறிவாளி. பழைய துணியைத் தூக்கி எறிய மனம் வராமல் நம் பாட்டிமார் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்ததை நாம் கேலி செய்ததுண்டு. அந்த மூட்டைக்குள் இருந்தது கஞ்சத்தனம் அன்று, நினைவு.

இது நம் துன்பம் மட்டுமன்று. அன்று நம்மை ஆண்ட பிரிட்டனிலேயே 1941ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தொடங்கி 1949 மார்ச்சு வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. முதலாண்டில் வளர்ந்தவர் ஒருவருக்கு 66 கூப்பன்களே. 1943இல் அந்நாட்டு அரசு பழையதைப் பழுது பார்த்து உடுத்தும் முறைகளைச் சிறு நூலாக அச்சிட்டு வழங்கியது. அமெரிக்காவிலோ 1930களில், உழவர் வீட்டுப் பெண்கள் மாவு மூட்டைத் துணியில் கவுன் தைப்பதைக் கண்ட ஆலைக்காரர்கள் மூட்டைகளிலேயே பூ அச்சிடத் தொடங்கினர். மாவின் தரத்தைவிடப் பூவின் அழகைப் பார்த்து மூட்டை வாங்கினார்களாம். வங்காளத்தில் பழம்புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா என்னும் போர்வை செய்வர். நம் தமிழில் கந்தை என்கிறோமே, அதே சொல்லின் உறவுதான். நாம் அதைக் கசக்கிக் கட்டச் சொன்னதோடு நின்றோம். வங்காளத்துப் பெண்கள் அதன்மேல் மீனும் தாமரையும் தைத்தார்கள்.

அண்மைக் காலத்துச் செய்தியும் ஒன்று உண்டு. இந்தியாவில் அன்சு குப்தா என்பவர் 1999இல் கூஞ்ச் என்னும் அமைப்பைத் தொடங்கி, நகரத்து வீடுகளில் கழித்துக் கட்டிய துணிகளைத் திரட்டிச் சிற்றூர்களுக்குச் சேர்த்தார். உடையாக உதவாத பழம் பருத்தித் துணியைத் துவைத்து வெட்டி, மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பயன்படுத்தும் துணிப்பட்டையாக ஆக்கினார்கள். வெளியில் பேசக் கூசும் ஒரு தேவையைப் பழைய துணியைக்கொண்டு தீர்த்த அப்பணிக்காகவும் சேர்த்து அவருக்கு 2015ஆம் ஆண்டின் மகசேசே விருது கிடைத்தது.

இனிப் பொருளுக்கு வருவோம். எந்தத் துணி ஆகும், எது ஆகாது?

பருத்தி ஆகும். பாலியெஸ்டர் ஆகாது. பருத்தி நூல் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே ஏற்கவல்லது. பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. வேர்வையைத் துணி உறிஞ்சி வெளிக்காற்றில் ஆவியாக்கும்போதுதான் உடல் குளிர்கிறது. உறிஞ்சாத துணிக்குள் வேர்வை தங்கி, குழந்தையின் கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு பூக்கிறது. வெயிலேறினால் உள்ளே கொதிக்கும் லயன் வீடுகளிலும், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தவர்கள் குடியேறிய தாமான் வீடுகளிலும் இது சிறிய தொல்லையன்று. இரவெல்லாம் அழும் குழந்தையால் விடியுமுன் எழ வேண்டிய தாயின் தூக்கமும் கெடுகிறது.

துணி எது என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, வாசலில் வைத்து, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். தாள் எரிவதைப்போல எரிந்து மெல்லிய சாம்பலானால் அது பருத்தி. உருகிச் சுருண்டு கடினமான கரிய மணியாக நின்றால் அது செயற்கை இழை. இரண்டும் கலந்திருந்தால் சாம்பலுக்குள் மணி தட்டுப்படும். சன்னல் திரைகளில் பெரும்பாலானவை இச்சோதனையில் தோற்றுவிடும். அவற்றைப் பையாகத் தைக்கலாம்; உடம்பில் போட வேண்டா. நைலக்ஸ் புடவைக்கும் இதே தீர்ப்புதான்.

பழைய துணிக்குச் சில மேன்மைகள் உண்டு. பலமுறை துவைத்துக் காய்ந்ததால் இனிச் சுருங்காது. புதுத்துணிக்கு ஆலையில் ஏற்றிய கஞ்சியும் கசங்காமலிருக்கப் பூசிய மருந்தும் பெரும்பாலும் வெளியேறியிருக்கும், இழை மென்மையாகியிருக்கும். பச்சைக் குழந்தைக்குப் பாட்டியின் நூற்புடவையைக் கிழித்துப் போட்ட வழக்கத்தில் இந்த அறிவு அடங்கியிருக்கிறது.

குறையும் உண்டு. அது தேய்வு. படுக்கை விரிப்பை இருவராகப் பிடித்துப் பகல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். நம் முதுகும் இடுப்பும் புரண்ட நடுப்பகுதி சல்லடைபோலத் தெரியும். ஓரங்கள் கெட்டியாக நிற்கும். அக்காலத்து ஆங்கிலேயக் குடும்பங்களில் விரிப்பின் நடுவைக் கிழித்து, இரு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து இணைத்துத் தைத்து, இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவார்கள். செல்வர் வீடுகளிலும் அதைச் செய்தார்கள் என்பதை நம் இளம்பெண்கள் அறிந்துகொள்வது நல்லது. தேய்ந்த பகுதியில் கரித்துண்டால் வட்டமிட்டுக்கொண்டு அப்புறம் கத்தரியை எடுங்கள்.

ஒற்றைக் கட்டில் விரிப்பு ஏறத்தாழ 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் இருக்கும். இதில் வீட்டில் உடுத்தும் தொளதொளப்பான முழுக்கவுன் ஒன்று தாராளமாக வரும். முன்பக்கம் 28 அங்குலம், பின்பக்கம் 28 அங்குலம், நீளம் 52. எஞ்சும் 38 அங்குல நீளத்துண்டில் கைகளும், சிறு பிள்ளைக்கு ஒரு சட்டையும் எடுக்கலாம். இங்கே ஒரு நுட்பம். தோளும் அக்குளும் விரிப்பின் கால்மாட்டுப் பக்கத்தில் அமையுமாறு வெட்டுங்கள். இழுபடும் இடங்கள் கெட்டித் துணியில் அமையும். தேய்ந்த பகுதி, இழுப்பில்லாத கீழ்ப்பாவாடைப் பக்கம் இறங்கிவிடும். எப்படி வெட்டினாலும் பாவு நூல் உடலின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் இரண்டு துவைப்பில் உடை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும்.

நேராக வெட்டக் கைவராதவர்கள் கைலியில் தொடங்குவதே சிறப்பு. கட்டங்களே அளவுகோல். கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் கத்தரி தவறாது. பள்ளிக்கூடத்தில் சதுரக்கட்டத் தாளில் படம் வரையப் பழக்குவோமே, அதே முறை. மூட்டிய கைலியின் தையலைப் பிரித்தால் சுமார் இரண்டு மீட்டர் துணி கிடைக்கும். தலைப்பு எனப்படும் வேறு வண்ணப் பட்டையை முதுகின் நடுவிலோ சட்டைப்பையிலோ அமைத்துவிட்டால், கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள்.

தலையணை உறையோ தைக்கத் தெரியாதவர்க்கும் கைகொடுக்கும். மூடிய முனை மேற்பக்கம். திறந்த முனை கீழ்ப்பக்கம். மேல் தையலை வெட்டி நீக்குங்கள். நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல் மூலையில் 2 அங்குல அகலமும் 4 அல்லது 5 அங்குல ஆழமுமாகக் கைக்குழி வளைத்து வெட்டுங்கள். அந்த வெட்டு விளிம்புக்குச் சாய்வாக வெட்டிய ஒன்றரை அங்குலப் பட்டையை வைத்து மூடித் தையுங்கள். தையற்காரர் கிராஸ் துண்டு என்பது அதைத்தான். மேல் விளிம்பை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து உள்ளே இழுவை நாடாவைக் கோத்துவிட்டால் இரண்டு, மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் கவுன் ஆயிற்று. கீழ்மடிப்பு ஏற்கெனவே ஆலையில் அடித்தது. தொட வேண்டியதே இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2008இல் தொடங்கிய ஓர் அமைப்பு, இத்தகைய தலையணை உறைக் கவுன்களைத் தைப்பித்து ஆப்பிரிக்கச் சிறுமியர்க்கு அனுப்பி வருகிறது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம்: கழுத்தைச் சுற்றி நீண்ட கயிறு கோக்காதீர்கள். தூளியிலும் படிக்கட்டுக் கம்பியிலும் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இழுவை நாடாவே போதும்.

மெல்லிய துணிக்குப் பதினோராம் எண் ஊசி பூட்டுங்கள். தடித்த ஊசி பழைய இழையை அறுத்துவிடும். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழட்டும். ஓரத்தையல் பிரியாமலிருக்க, முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல் போட்டு, பிசிரைக் கத்தரித்து, உட்புறம் திருப்பி, அந்தப் பிசிரை உள்ளே அடக்கி மறுதையல் போட வேண்டும். வேலை இரட்டிப்பு, ஆயுளும் அவ்வாறே. பொறி இல்லாதவர்கள் கையாலேயே பின்தையல் போடலாம். கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறை தையற் பயிற்சியை மாதர்க்கு அளித்து வந்துள்ளது. அருகிலுள்ள வகுப்பை விசாரித்துச் சேருங்கள். மொழி தடையாகுமோ என்று தயங்க வேண்டா. ஊசிக்கு மொழி இல்லை.

சாயம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மஞ்சளில் முக்கினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலில் நிற்காது, ஒரு மாதத்தில் வெளுத்து மேலும் பழையதாகக் காட்டும். வெள்ளை விரிப்பை வெள்ளையாகவே விட்டுவிடுவது மேல்.

இப்பொழுது வெட்டுக்காட்டுக்குப் போவோம். விடியுமுன் பால் வெட்டுவதன் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். குளிர்ந்த வேளையில் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்து பால் நன்றாகப் பாய்கிறது; வெயிலேறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் தணிகிறது. ஆகவே பனி ஈரத்தில் தொடங்கும் வேலை, பால் எடுத்து முடிக்கும்போது கொளுத்தும் வெயிலில் முடிகிறது. ஒரே கனத்த மேற்சட்டையைவிட இரண்டு மெல்லிய பருத்தி உடைகள் இவ்வேலைக்குப் பொருந்தும். வெயிலேறியதும் ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். பால் தெறித்து உறைந்த கறை துவைத்தாலும் போகாது என்பதால், பழந்துணியில் முன்மறைப்பும் முழங்கை வரையிலான கைஉறையும் தைத்து மேலே போட்டுக்கொண்டால் உள்ளிருக்கும் உடை பிழைக்கும். மழைக்காலத்தில் தடித்த காற்சட்டை இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய விரிப்புத் துணி இரவோடிரவாகக் காய்ந்துவிடும். ஈரத்துணியோடு பெரட்டுக்குப் போகும் கொடுமையை அனுபவித்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் உண்டு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலிற் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதன் கடி மிகுதி. கவிழ்க்காமல் விட்ட பால்மங்கில் தேங்கும் மழைநீரே அதற்குத் தொட்டில். மங்கைக் கவிழ்ப்பது முதற்காப்பு. வெளிர்நிறத்தில், நீண்ட கையோடு, தொளதொளப்பாகத் தைத்த சட்டை இரண்டாம் காப்பு. மெல்லிய துணியை உடலோடு ஒட்டத் தைத்தால் கொசு அதன் மேலிருந்தே கடிக்கும், தளர்ந்திருந்தால் எட்டாது. ஆனால் அதே தொளதொளத்த கையோடு அடுப்பங்கரையிலும் சாமி விளக்கருகிலும் நிற்க வேண்டா. பருத்தி எளிதில் தீப்பற்றும். சமைக்கும்போது கையை மடித்துவிடுங்கள்.

கடைசியாக, நம்மிடம் ஒரு தாய் கேட்டதைச் சொல்ல வேண்டும். “ஐயா, நாங்கள் தைத்துவிடுவோம். பெட்ஷீட் சட்டை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் என் மகள் என்ன செய்வாள்?” என்றார். இக்கேள்வியைச் சிக்கனம் பற்றிய அறிவுரையால் ஒதுக்கித் தள்ள நமக்கு மனம் வரவில்லை. ஏழ்மை குழந்தைக்கு உறைப்பது பெரும்பாலும் உடையில்தான். ஆகவே நம் கருத்து இது: பள்ளிச் சீருடையைக் கடையிலேயே வாங்குங்கள், அதிலே மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டில், ஆயாக் கொட்டகையில், தூங்கும்போது, வெட்டுக்காட்டில் உடுத்துவதைப் பழந்துணியில் தையுங்கள். மிஞ்சும் வெள்ளி சீருடைக்கு உதவும். பெண் சற்று வளர்ந்தவளானால் துணியைத் தேர்ந்தெடுக்கவும் கழுத்து அமைப்பை முடிவு செய்யவும் அவளையே விடுங்கள். தானே வெட்டித் தைத்த சட்டையைப் பற்றி யாரேனும் கேட்டால், அவள் தலை குனிந்து பதில் சொல்ல மாட்டாள். அயல்நாட்டுப் பழைய உடைகளைக் குவித்து விற்கும் பண்டல் கடைகளில் நகரத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் துழாவுவதை நாம் காண்கிறோம். முகம் தெரியாதவர் உடுத்திக் கழித்ததை வாங்கக் கூச்சமில்லாத இக்காலத்தில், சொந்த வீட்டு விரிப்புக்கு மட்டும் ஏன் கூச வேண்டும் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

மேசைமேல் மூன்று தலையணை உறைகளும் ஒரு கைலியும் வைத்திருக்கிறோம். கத்தரி இரண்டுதான் இருக்கிறது; ஆகவே முன்வரிசையில் உள்ளவர்கள் முதலில் வாருங்கள். பிள்ளைகளைச் சற்று அப்பால் அமர்த்துங்கள்.